மந்திரி ஒன்றோ, காலாள் மூன்றோ?

சதுரங்கம் பயிலும் மாணாக்கர்க்கு முதலிற் கற்பிக்கப்படுவது காய்களின் மதிப்பாகும். காலாள் 1, குதிரையும் மந்திரியும் தனித்தனி 3, கோட்டை 5, அரசி 9 என்பர். இதன்படி மந்திரி ஒன்றும் காலாள் மூன்றும் ஒரே நிறையினவாதல் வேண்டும். ஆயின் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இக்கணக்குப் பலகாற் பொய்க்கின்றது. தராசில் ஏறும் கொழுந்தின் நிறை வேறு, தொழிற்சாலையினின்று வெளிவரும் தேயிலையின் நிறை வேறு என்பதை மலையகத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மந்திரியை இழந்தவுடன் ஆட்டத்தைக் கைவிடும் மாணாக்கர் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

வேறுபாட்டின் காரணம் யாது? எட்டாம் வரிசையை எய்தி அரசியாகும் பேறு காலாளுக்கே உரியது. தன் காலாட்களையெல்லாம் இழந்தவன், எஞ்சிய ஒரு மந்திரியைக் கொண்டோ ஒரு குதிரையைக் கொண்டோ தனித்த அரசனுக்கு இறுதி முற்றுகை இடுதல் இயலாது. ஓரக் காலாள் ஒன்று எஞ்சினும், அது அரசியாகும் மூலைக்கட்டம் மந்திரியின் நிறத்ததன்றாயின், எதிரியரசன் அம்மூலையைப் பற்றிக்கொள்ள ஆட்டம் சமநிலையாகும். ஆகவே, காய் மிகுந்தவன் வெட்டுக்கு வெட்டாகக் காய்களைக் குறைத்துக் காலாட்களைப் பேணுக. காய் குறைந்தவன் காலாட்களைக் குறைத்துக் களத்தை வெறுமையாக்குக.

காலாட்களின் தொகையினும் அவை நிற்கும் இடமே பெரிது. ஆறாம் வரிசையில் அருகருகே நிற்கும் இரு காலாட்கள், எதிரியரசன் தொலைவில் இருப்பின், பெரும்பாலும் ஒரு கோட்டையையே வென்றுவிடும்.

1972இல் ஸ்பாஸ்கியும் பிஷரும் றேக்யவிக் நகரில் ஆடிய உலகப் போட்டி இரு பக்கத்துக்கும் சான்றாகும். முதலாம் ஆட்டத்திற் பிஷரின் மந்திரி ஓரக் காலாள் ஒன்றை வெட்டிச் சிறைப்பட்டது. அதற்கீடாகக் கிடைத்தவை காலாள் இரண்டே, பிஷர் தோற்றார். பதின்மூன்றாம் ஆட்டத்திலோ மந்திரி மிகுதி ஸ்பாஸ்கியிடம். பிஷரிடம் ஐந்து காலாட்கள். நெடுநேரம் தாங்கிய ஸ்பாஸ்கி ஈற்றில் தவறினார். 74 நகர்த்தல்களிற் பிஷர் வென்றார்.

2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. சென்னையிற் பிறந்த குகேஷுக்கு டிங் லிரெனிலும் ஒரு காலாளே மிகுதி. இருவரிடமும் கோட்டையும் மந்திரியும் நின்றவரை அது சமநிலைக்குரிய ஆட்டமே. 55ஆம் நகர்த்தலில் டிங் கோட்டைகள் வெட்டுப்பட இடந்தந்தார். மந்திரிகளும் தொடர்ந்து வெட்டுண்டன. மிகுந்த அவ்வொரு காலாள் பதினெட்டு வயதினரை உலக வீரராக்கிற்று.

எனவே மாணாக்கர் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்புக: எனக்கு எஞ்சுங் காலாட்கள் எத்தனை? எதிரியின் காலாட்கள் எத்துணைத் தூரம் முன்னேறின? என் அரசன் அவற்றுக்கு அணித்தே நிற்கின்றானா? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே, தோல்வியை ஏற்றலும் சமநிலைக்குக் கைநீட்டலும் தக்கனவாம்.