வீல் மாற்றிய மூன்றாம் நாள்

பெங்களூரில் டாக்சி ஓட்டும் இளைஞர் ஒருவர் தன் காருக்கு அலாய் வீல் போட்டார். காரோடு வந்தவை இரும்பு வீல்கள். அலாய் வீல் அலுமினியக் கலவையால் ஆனது. பளபளவென்று இருக்கும். பழைய வீலைவிடக் கொஞ்சம் அகலமும் கூட. ஆறு மாதம் சேர்த்த பணம் அதில் போனது.

மூன்றாம் நாள் மைசூருக்குச் சவாரி கிடைத்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை என்று மூன்று பேர். மைசூர் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். சுங்கக் கட்டணம் மிச்சமாகட்டும் என்று பழைய சாலையில் போனார்.

பிடதி தாண்டியதும் ஒரு வேகத்தடை வந்தது. கார் மெதுவாக ஏறி இறங்கியது. அப்போது முன்பக்கம் இடது புறத்தில் 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது. வேகம் கூடக் கூடச் சத்தம் அடுத்தடுத்து வந்தது. பிறகு காற்றின் இரைச்சலில் அமுங்கிவிட்டது. 'சரியாகிவிட்டது' என்று அவர் நினைத்தார். சரியாகவில்லை. ராமநகரத்தை நெருங்கும்போது ஸ்டியரிங் கையில் உதறியது.

சாலை ஓரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. அங்கே இருந்த மெக்கானிக் ஓசூரில் வேலை பழகியவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

"அண்ணே, சஸ்பென்ஷன் போயிருக்குமா? சீக்கிரம் பாருங்க. சவாரி இருக்கு."

மெக்கானிக் காருக்கு அடியில் போகவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"வீல் எப்போ மாத்தினீங்க, தம்பி?"

"மூணு நாள் ஆச்சு."

"அதுக்கப்புறம் நட்டை ஒரு தடவையாவது முறுக்கிப் பார்த்தீங்களா?"

"இல்லையே அண்ணே."

மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். அந்த வீலில் நான்கு நட்டுகள். இரண்டு நட்டுகள் லேசாக இழுத்ததுமே சுழன்றன. ஓட்டுநரின் முகம் வெளுத்துவிட்டது.

வீலைக் கழற்றினார்கள். நட்டு உட்காரும் ஓட்டைகளைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தது. உலோகம் உரசி உரசி வந்த தூள் அது. ஓர் ஓட்டை வட்டமாக இல்லை. முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது.

மெக்கானிக் ஒரு நட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் அடிப்பக்கம் பந்துபோல உருண்டையாக இருந்தது. வீலின் ஓட்டையோ புனல்போலச் சரிந்திருந்தது. புனலில் உருண்டை உட்கார்ந்தால் ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான் தொடும். எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு நிற்காது. வீல் புதியது, நட்டு பழையது. வீல் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்கிறார்கள். நட்டைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"மத்த ரெண்டும் கழண்டிருக்கும். இல்லேன்னா ஸ்டட் முறிஞ்சிருக்கும். வீல் தனியா ஓடும்" என்றார் மெக்கானிக்.

குழந்தையோடு வந்தவர்கள் பஸ்ஸில் மைசூருக்குப் போனார்கள். ஓட்டுநர் அவர்களிடம் பணம் வாங்கவில்லை. நாள் வருமானம் போயிற்று.

ஸ்டட்டுகளின் புரி தேயவில்லை. அதுவரை நல்லது. ஆனால் மற்ற மூன்று வீல்களிலும் அதே உருண்டை நட்டுகள்தான். எனவே புனல் வடிவ நட்டு பன்னிரண்டு வாங்கிவரப் பையனை அனுப்பினார்கள். 12 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. புரி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார் மெக்கானிக். 1.25 மி.மீ. புரி நட்டும் கடையில் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் சுற்றினால் தெரிந்துவிடும். சரியான நட்டு விரலாலேயே உள்ளே ஓடும். இரண்டு சுற்றில் இறுகினால் அது வேறு புரி. ஸ்பானர் போட்டு ஏற்றினால் ஸ்டட் கெட்டுவிடும்.

பையன் வரும்வரை மற்ற வீல்களைச் சோதித்தார்கள். பின்வீல்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, முன்பக்கம் வலது வீலை ஜாக்கியில் தூக்கினார்கள். கியரை நியூட்ரலில் வைத்து, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றினார்கள். 'கிறீச்' என்று ஒரு சுற்றுக்கு ஒரு முறை கேட்டது. உள்பக்கம் ஒட்டியிருந்த ஈயக்கட்டி பிரேக் காலிப்பரை உரசியது. வீலின் எடையைச் சமன் செய்ய ஒட்டும் கட்டி அது. அதைக் கொஞ்சம் தள்ளி ஒட்டி, வீலை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகடு வளைந்திருந்தாலும் இதே போன்ற சத்தம் வரும். அதைக் கையால் நிமிர்த்தலாம்.

"முழுசா திருப்பும்போது மட்டும் 'உஸ்'னு வருதா?"

"ஆமாண்ணே. ஆள் ஏறினா அதிகமா வருது."

மட்கார்டின் உள்பக்கம் ஓரிடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அகலமான டயர் அங்கே உரசுகிறது. இது முறுக்கிச் சரிசெய்யும் வேலை அல்ல. காருக்குப் பொருந்தும் அளவில் வீல் வேண்டும். உரசும் டயர் ஒரு நாள் கிழியும்.

'ம்ம்ம்' என்ற முனகல் வேறு வகை. சாலை மாறும்போது முனகலும் மாறினால், பெரும்பாலும் அது டயரின் சத்தம். எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி முனகி, வளைவில் கூடிக் குறைந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

நட்டுகள் வந்தன. மெக்கானிக் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். துரு இடையில் இருந்தால் பிறகு பொடிந்து நட்டு தளரும். எதிரெதிராக உள்ள நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கினார். காரைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் கடைசி முறுக்கு. எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது காரோடு வரும் கையேட்டில் இருக்கும். ஸ்பானர் மேல் ஏறி மிதிப்பது சிலரின் வழக்கம். அதில் ஸ்டட் நீண்டுவிடும்.

முட்டை வடிவமான வீல் இனி உதவாது. பின்வீல் ஒன்றை முன்னால் போட்டார்கள். அதன் இடத்தில் இரும்பு ஸ்டெப்னி ஏறியது. அதற்குப் பழைய உருண்டை நட்டுதான் சரி. மீதிப் பழைய நட்டுகளைத் துணிப்பையில் கட்டி டிக்கியில் வைத்துக்கொண்டார் ஓட்டுநர்.

"மெதுவா போங்க, தம்பி. ஐம்பது கிலோமீட்டருக்குள்ள நிறுத்தி, ஒவ்வொரு நட்டையும் பாருங்க."

கெங்கேரி வந்ததும் அவர் காரை ஓரம் கட்டினார். வீல்கள் ஆறும்வரை ஒரு டீ குடித்தார். பிறகு ஸ்பானரை எடுத்துப் பதினாறு நட்டுகளையும் பார்த்தார். பதினைந்து அசையவில்லை. ஒன்று கால் சுற்று ஏறியது.