வலி இல்லாத நாளில் கேட்க வேண்டியவை

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் கால் வைத்தாலே பண்டிகை தொடங்கிவிடும். தலைக்கு மேலே ஒளி வளைவுகள், கேம்பல் லேன் சந்தையில் ஒலிபெருக்கிப் பாட்டு, பஃப்ளோ சாலைக் கடைகளில் மல்லிகைச் சரம், வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் சாம்பிராணிப் புகை. ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு இதே சாலை வேறு விதமாகத் தெரியும். மின்னும் வெளிச்சம், உரத்த சத்தம், கடும் வாசனை, கூட்டத்தின் புழுக்கம், தள்ளிப்போன சாப்பாடு என்று நரம்பியல் மருத்துவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளும் அத்தனையும் தேக்காவிலிருந்து முஸ்தஃபா பேரங்காடி வரை நடப்பதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

இந்த நோயோடு பல ஆண்டுகளாக வாழ்பவள் நான். அதைப் பற்றி நான் கற்றதில் பெரும்பகுதி காதுவழி வந்தது. ஒற்றைத் தலைவலிக்கென்றே நடத்தப்படும் வலையொலிகளைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் என்ன கிடைக்கும், எங்கே கவனம் வேண்டும் என்பதைச் சக நோயாளிகளுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நோயின் அளவை முதலில் பார்த்துவிடலாம். உலகில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நடுவயதுக்கு உட்பட்ட பெண்களை முடக்கும் நோய்களில் உலக அளவில் முன்வரிசையில் நிற்பது இதுதான். சிங்கப்பூரில் 2018-ஆம் ஆண்டில் இந்த நோயால் ஏற்பட்ட பொருளாதார இழப்பு 100 கோடி வெள்ளிக்கு மேல் என்று டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, மருத்துவச் செலவு அல்ல. வேலை கெட்டதால் வந்த இழப்பு. வேலைக்கு வராத நாள்களோடு, வந்தும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மணி நேரங்களும் அந்தக் கணக்கில் அடங்கும். வேலை நியமனச் சட்டம் தரும் சம்பளத்துடன் கூடிய வெளிநோயாளர் மருத்துவ விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். மாதம் இரண்டு நாள் படுத்துவிடும் ஒருவருக்கு அது ஜூலை மாதத்தைத் தாண்டாது.

காதுவழி கற்பது ஏன் நல்லது? இந்த நோயாளிக்குத் திரைதான் முதல் எதிரி. கைப்பேசியில் நீண்ட கட்டுரையைப் படிப்பதைவிடக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது எளிது. ஆனால் வெளிச்சத்தைப் போலவே சத்தத்தையும் தாங்க முடியாமல் போவது நோயின் இலக்கணத்திலேயே சேர்ந்தது. ஆகவே வலி பிடித்திருக்கும்போது எந்த ஒலிப்பதிவும் வேண்டாம். மருந்து, தண்ணீர், இருட்டறை போதும். பாடம் கேட்பதெல்லாம் வலி இல்லாத நாளில். தாக்குதல் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். அது போன பிறகும் ஒருநாள், இரண்டுநாள் மூளை மந்தமாகவே இருக்கும். அந்த நாள்களில் கேட்டது மனத்தில் தங்குவதில்லை.

எம்ஆர்டி பயணத்தில் கேட்பதை நான் விரும்புவதில்லை. சுரங்கப் பாதையில் ரயில் இரைச்சல் கூடக்கூட நம்மை அறியாமல் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம். வெயில் தாழ்ந்தபின் காலாங் ஆற்றோரம் நடக்கும்போதோ, வீட்டில் துணி மடிக்கும்போதோ, கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே மெதுவாக வைத்துக் கேட்பது நல்லது. பல நிகழ்ச்சிகள் அதிரும் இசையோடுதான் தொடங்குகின்றன. இடையில் வரும் விளம்பரம் பேச்சைவிட உரக்க ஒலிக்கும். முதல் அரை நிமிடத்தைத் தாண்டி வைத்துவிட்டு, வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் காதுக்கு இதமாக இருக்கும். எழுத்து வடிவமும் சேர்த்துத் தரும் நிகழ்ச்சி கிடைத்தால் இன்னும் வசதி. மருந்தின் பெயரைக் காதால் கேட்டுச் சரியாக எழுதிக்கொள்வது கடினம்.

ஆங்கிலத்தில் நம்பிக் கேட்கத் தக்கவை சில உண்டு. அமெரிக்காவின் தேசியத் தலைவலி அறக்கட்டளை நடத்தும் ‘ஹெட்வைஸ்’, ஒற்றைத் தலைவலிக் கோளாறுகள் சங்கத்தின் ‘ஸ்பாட்லைட் ஆன் மைக்ரேன்’ இரண்டிலும் மருத்துவர்களும் நோயாளிகளும் பேசுகிறார்கள். 2016-இல் தொடங்கிய ‘மைக்ரேன் வேர்ல்டு சம்மிட்’ ஆண்டுதோறும் நிபுணர்களின் நீண்ட பேட்டிகளை இணையத்தில் சில நாள்களுக்கு இலவசமாகத் தருகிறது. இவற்றை ஒன்றுவிடாமல் கேட்க வேண்டியதில்லை. தன் மருத்துவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி கிடைத்தாலும் அந்தப் பதிவு பயனுள்ளது என்பேன். உதாரணமாக, தலைவலிக்கு முன் கண்ணெதிரே நெளிகோடுகளும் மின்னல்களும் தோன்றும் ‘ஆரா’ உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத அபாயம் கூடும். மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம் ஆராவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும் என்பதை அறியாத பெண்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பீட்டர் கோட்ஸ்பியின் பேட்டி எங்கே கிடைத்தாலும் கேட்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் ‘பிரெய்ன் பிரைஸ்’ விருதை லார்ஸ் எட்வின்சன், மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலசன் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர் அவர். சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்குக்கு இந்த நோயில் உள்ள பங்கை இவர்களுடைய ஆய்வுகள் காட்டின. அதன் பயனாகத்தான், மாதம் ஒருமுறை ஊசியாகப் போடும் எரெனுமாப் போன்ற தடுப்பு மருந்துகள் 2018 முதல் வந்தன. கோட்ஸ்பி வலியுறுத்தும் இன்னொன்று நோயாளிகளின் அன்றாடத்தையே மாற்றக்கூடியது. நாம் காரணம் என்று நினைப்பதில் சில, உண்மையில் தொடங்கிவிட்ட தாக்குதலின் முன்னறிகுறிகளாக இருக்கலாம். வலிக்குச் சில மணி நேரம் முன்பே, சில சமயம் முந்தைய நாளே, மூளையில் மாற்றம் தொடங்குகிறது. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், இனிப்பின் மேல் திடீர் ஆசை எல்லாம் அப்போது வரும். தேக்காவில் ஜிலேபி தின்றவர் மறுநாள் தலைவலி வந்ததும் ஜிலேபியைக் குற்றவாளி ஆக்குகிறார். அந்த ஜிலேபியைத் தேட வைத்ததே தலைவலியாக இருந்திருக்கலாம். இது புரிந்தால் இரண்டு நன்மை. ஒன்று, பிடித்த உணவையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டியதில்லை. இரண்டாவது, கொட்டாவி வரும்போதே மருந்தைக் கையருகில் வைத்துக்கொண்டு, வலி இலேசாக இருக்கும்போதே போட்டுவிடலாம். டிரிப்டான் வகை மாத்திரைகள் அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

நலவாழ்வுப் பதிவுகளில் தேதியைப் பார்க்காமல் எதையும் கேட்கக் கூடாது. பட்டர்பர் என்ற மூலிகையை அமெரிக்க நரம்பியல் கழகம் 2012-இல் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. கல்லீரல் பாதிப்பு குறித்த அச்சத்தால் 2015-இல் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. பழைய பதிவுகள் அழிவதில்லை. அந்த மூலிகையைப் புகழும் குரல் இன்றும் யாரோ ஒருவர் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். காது மடலுக்குள் துளையிட்டுக்கொண்டால் தலைவலி போய்விடும் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்கு நல்ல சான்று கிடையாது. மெக்னீசியம், ரைபோஃப்ளேவின் இரண்டுக்கும் ஓரளவு சான்று இருக்கிறது. ஆனாலும் அளவை மருத்துவரோ மருந்தாளரோ சொல்லட்டும். பேசுபவரே கடைசியில் தன் மாத்திரைப் புட்டியை விற்கத் தொடங்கினால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கேட்பதே சிகிச்சையாகும் ஒரு வகையும் உண்டு: தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தச் சொல்லும், மூச்சை வழிநடத்தும் ஒலிப்பதிவுகள். எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் எழுதிய தளர்வுப் பயிற்சிதான் இவற்றுக்கு மூலம். ஒற்றைத் தலைவலியைத் தடுக்க இத்தகைய பயிற்சிகளை மருத்துவ வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. யோகாவுக்கும் நம் பக்கத்துச் சான்று இருக்கிறது. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் தலைவலி மாதம் 9.1 முறையிலிருந்து 4.7 ஆகக் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 7.7-இலிருந்து 6.8 ஆனது. யோகா செய்தவர்களும் மருந்தை நிறுத்தவில்லை என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பத்து நிமிடத் தளர்வுப் பதிவு ஒன்றை இரவில் விளக்கணைத்தபின் கேட்பது என் வழக்கம். வலி வந்த பிறகு தேடாமல், வராத நாளிலும் தவறாமல் செய்யும்போதுதான் பலன் தெரிந்தது.

அமெரிக்கக் குரல்கள் சொல்லாத சில விஷயங்கள் நம் வாழ்க்கையில் உண்டு. விரதம் அவற்றில் முக்கியமானது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து, சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் பால்குடம் சுமப்பவர்களில் ஒற்றைத் தலைவலிக்காரர்களும் இருக்கிறார்கள். வெறும் வயிறு, தூக்கக் குறைவு, தண்ணீர்க் குறைவு, வெயில் நான்கும் ஒரே நாளில் கூடுகின்றன. அவர்களை விரதமிருக்காதீர்கள் என்று சொல்ல நான் ஆளில்லை. பழமும் பாலும் எடுக்கும் விரதமாக மாற்றிக்கொள்வது, தண்ணீரை விடாதிருப்பது, முந்தைய இரவு நன்றாகத் தூங்குவது, மருந்து நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவைப்பது ஆகியவை கைகொடுக்கும். தினமும் கோப்பிக்கடையில் இரண்டு மூன்று கோப்பி குடிப்பவர் விரத நாளில் சட்டென நிறுத்தினால் அதுவே தலைவலி தரும். சில நாள் முன்பிருந்தே குறைத்துவர வேண்டும்.

இதையெல்லாம் தமிழில் யார் சொல்வது? ஒலி 96.8 தமிழில் நாள் முழுதும் பேசுகிறது, தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. கேட்கும் பழக்கமும் படிக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கூடும் கட்டுமான ஊழியர்களை நினைத்துப் பார்க்கிறேன். வாரம் முழுதும் வெயிலிலும் இயந்திர இரைச்சலிலும் நிற்கும் அவர்களுக்கு, பத்துப் பத்து நிமிடமாக ஒரு தமிழ் மருத்துவர் பேசிய பதிவுகள் எவ்வளவு உதவும்! அது வரும்வரை நான் கேட்டதைச் சுருக்கி உறவினர்களுக்கு வாட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்புகிறேன். அப்படித்தான் ஒருமுறை ஓர் அக்காவிடம், “மாசத்துல எத்தனை நாள்க்கா தலைவலி மாத்திரை போடுறீங்க?” என்று கேட்டேன். “என்னம்மா மாசம்? தினமும் ஒண்ணு போட்டாத்தான் வேலையே ஓடுது” என்று பதில் வந்தது.

அந்தப் பதில்தான் ஆபத்து. பாரசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானையோ காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். நிறுத்தும்போது முதலில் வலி கூடக்கூடும் என்பதால் மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அக்கா சுவர் நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி, படுத்துவிட்ட நாளுக்கு ஒரு வட்டம், மாதவிலக்கு நாளுக்கு ஒரு கோடு என்று குறித்து, அதைப் பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துப் போனார். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் கிடைத்தால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தேசிய நரம்பியல் கழகம் போன்ற இடங்களில் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்கலாம். தினமும் பிராப்ரனலால், டொபிரமேட் போன்ற தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு அந்தப் புள்ளிகளும் வட்டங்களும் தேவை.

சில தலைவலிகளுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் இடி போன்ற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, வாய் கோணல், பேச்சுக் குழறல், தலையில் அடிபட்டபின் கூடிக்கொண்டே போகும் வலி: இவற்றில் எது வந்தாலும் உடனே 995-ஐ அழைக்க வேண்டும். ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும், கர்ப்பகாலத்தில் புதிதாக வரும் கடும் தலைவலியையும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.