நிற்கும் வண்டிகளும் கடந்து போகும் சைக்கிளும்

மாலை ஆறு மணிக்கு மேல் சென்னையின் ஆற்காடு சாலையில், மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்புகள் பாதி வழியை விழுங்கிவிட, லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய கார்களெல்லாம் அசையவும் வழியின்றி ஸ்தம்பித்து நிற்கையில், பின்புறக் கேரியரில் தேநீர்க் கேனைக் கட்டிய ஒரு சைக்கிள்காரர் அவற்றின் ஓரமாக நுழைந்து சிக்னலின் முன்வரிசைக்குப் போய்ச் சேர்வது பிரதி தினமும் நடக்கிற சங்கதி. இந்தச் சலுகை அவருக்கு நியாயமாகவே சேர வேண்டியது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அதைப் பற்றி நம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கும் சில நம்பிக்கைகள், சைக்கிள்காரரின் காலையோ உயிரையோ விலையாகக் கேட்கக் கூடியவை.

“நிற்கிற வண்டி நம்மை என்ன செய்துவிடப் போகிறது?” என்பது அவற்றுக்கெல்லாம் மூலம். சக்கரங்கள் ஓய்ந்திருக்கும் வேளைதான் உள்ளே அமர்ந்திருப்பவர்கள் பொறுமையிழக்கும் வேளை. வாடகைக் காரில் இருப்பவர், “சரி, இங்கேயே இறங்கிக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே இடதுபக்கக் கதவைத் திறக்கிறார். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் சில்லறையை எண்ணியபடியே கீழே குதிக்கிறார். சிக்னலில் நிற்கும் பஸ்ஸிலிருந்தும், கதவு திறந்திருந்தால், இரண்டு பேர் இறங்கிவிடுகிறார்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற சைக்கிள் ஒரு விநாடியில் நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாகவே கடக்கிறது என்பதையும், கதவைக் கண் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த ஒரு விநாடி கழிந்துவிடுகிறது என்பதையும், மழையில் நனைந்த பழைய பிரேக் கட்டை அதற்குப் பிறகும் உடனே பிடிக்காது என்பதையும் சேர்த்து யோசித்தால், நின்ற வரிசையின் ஓரத்தில் நடக்கிறவனைவிடக் கொஞ்சமே விரைவாகப் போவதுதான் விவேகம் என்பது விளங்கும்.

இதைவிட அபாயகரமானது, “இடது ஓரமாகப் போனால் ஒன்றும் ஆகாது” என்கிற உபதேசம். சைக்கிள் கற்றுக்கொடுத்த தகப்பனார்களெல்லாம் சொன்ன வாக்கு இது. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் சாலைக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் இடதுபுறம் திரும்புவதற்காக நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதையின் விளிம்புக்கும் இடையிலுள்ள சந்தில் அதே உபதேசத்தை நம்பி நுழைகிறவன் ஒரு பொறிக்குள் தானாகவே போய் நிற்கிறான். நீளமான வண்டியொன்று திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்வதில்லை. ஒரு மீட்டருக்கும் மேலாக உட்புறம் ஒடுங்கி, மூலையை அறுத்துக்கொண்டு வருகின்றன. திரும்பத் தொடங்குகையில் முன்பகுதி விலகிப் போவதைப் பார்க்கிறவனுக்கு, தனக்கு இடம் தாராளமாகிவிட்டது என்ற பிரமை உண்டாகும். அடுத்த சில விநாடிகளில் பஸ்ஸின் நடுவயிறு அவனை நோக்கி நெருங்கி வர, ஒரு பக்கம் தகடும் மறுபக்கம் நடைபாதைக் கல்லுமாக, விலகுவதற்கோ இறங்குவதற்கோ இடமிராது. இடதுபுறத் திருப்பத்துக்கு முன் வலப்புறம் சற்று ஒதுங்கி நிற்கும் லாரி நேராகப் போகப்போகிறது என்று எண்ணுவதும் இதே வகைத் தவறு. அகலமாக வளைப்பதற்காகவே அது அப்படி ஒதுங்கி நிற்கிறது.

ஓட்டுநர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். அவர் பார்க்கவே முடியாத இடங்கள் உண்டு: உயர்ந்த காபினில் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இடதுபக்கக் கதவின் கீழும், முன்கண்ணாடிக்கு நேர் கீழும் நிற்கிற மனிதன் புலப்படுவதில்லை. முன்பெல்லாம் லாரிகளில் கிளீனர் ஒருவர் இடதுபக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, தகரத்தைத் தட்டித் தட்டிச் சைகை கொடுப்பார். இப்போது பல லாரிகளில் அந்த ஆசனம் காலியாக இருக்கிறது. லண்டன் மாநகரில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, காபினிலிருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்பதை அளந்து, 2021 மார்ச் முதல் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழையவிடாதபடி கட்டாயமாக்கி, 2024 அக்டோபரில் அந்த அளவுகோலை மேலும் கடுமையாக்கினார்கள் என்றால், இந்தக் குருட்டு இடம் வெறும் கற்பனையல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆகவே சிக்னலில் முன்னே போய்விட்டால் பத்திரம் என்று நினைத்து லாரியின் மூக்குக்கு அடியில் நிற்பதும் தகாது. தெளிவாக நாலைந்து மீட்டர் முன்னால் நிற்க இடமிருந்தால் போகலாம். இல்லாவிட்டால் பெரிய வண்டியின் பின்னால் காத்திருப்பதில் எந்த அவமானமும் இல்லை.

இனி, இடைவெளி. வரிசையில் ஒரு வண்டி நகர்ந்தும் அடுத்தது நகராமல் நின்றால், சைக்கிள்காரர் அதைத் தம் அதிர்ஷ்டமாகக் கருதி மிதியை அழுத்துகிறார். பக்கத்துச் சந்திலிருந்து வரும் காருக்கோ எதிர்த்திசையிலிருந்து வலப்புறம் திரும்பும் ஆட்டோவுக்கோ யாரோ ஒரு நல்ல மனிதர் வழிவிட்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிவதற்குள் இருவரும் மோதிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 1966-இல் பவல் எதிர் மூடி என்ற வழக்கு இதே காட்சிதான்: நின்ற வரிசையைக் கடந்து வந்த மோட்டார் சைக்கிள்காரர், பால் டேங்கர் ஓட்டுநர் வழிவிட்டதால் வெளிவந்த காருடன் மோதினார், குற்றத்தில் 80 சதவீதம் கடந்து வந்தவருடையதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்த விகிதம் கடுமையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வரிசையில் காரணமில்லாமல் ஓர் இடைவெளி தோன்றினால், காரணம் மறைவில் இருக்கிறது என்று கொள்வதே நன்று.

மணி அடித்தால் போதும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை: கண்ணாடியை ஏற்றி, குளிர்சாதனத்தையும் பாட்டையும் போட்டிருக்கிறவர் காதில் அது விழாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, “அதனால்தான் சொல்கிறோம், சைக்கிள்காரரும் எங்களோடு வரிசையில் நிற்கட்டும்” என்று கார்க்காரர்கள் மகிழ வேண்டாம். அதுவும் ஒரு மூடநம்பிக்கையே. நின்ற வண்டிகளைச் சைக்கிள் எந்தப் பக்கமாகவும் கடக்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு என்று பிரிட்டனின் சாலை விதிநூல், 2022-இல் திருத்தப்பட்ட வடிவில், வெளிப்படையாகச் சொல்கிறது. அதே திருத்தத்தில், கதவுக்கு எதிர்ப்பக்கத்துக் கையால் கதவைத் திறக்கும் பழக்கமும் சேர்க்கப்பட்டது. அப்படித் திறக்கும்போது உடம்பு தானே திரும்பி, கண்ணும் பின்பக்கம் போய்விடுகிறது. ஆகையால், நெரிசலில் நின்றுபோன காரின் இடதுபக்க ஆசனத்தில் அமர்ந்து இந்தப் பத்தியை வாசிக்க நேர்ந்தால், இறங்கும்போது தயவுசெய்து வலது கையால் கதவைத் திறங்கள்.