கோடியக்கரைக்குப் பிள்ளைகளோடு வரும்போது

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளைக் கோடியக்கரைக் காட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று போனில் சொன்னாய். சின்னவளுக்கு நாலு வயதுதானே ஆகிறது, நடப்பாளா என்றும் கேட்டாய். தாராளமாக நடப்பாள். மலையும் பாறையும் இல்லாத மணல் பூமி இது. காட்டிலேயே உயரமான இடம் ராமர் பாதம். அதுவும் ஒரு மணல்மேடுதான். அவள் நடக்கிற வேகத்துக்கு நீயும் மாப்பிள்ளையும் நடக்க வேண்டுமே, எனக்கு அதுதான் கவலை. போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்று எழுதி அனுப்புகிறேன்.

முதல் நாள் சாயங்காலமே வேதாரண்யம் வந்துவிடுங்கள். விடிந்ததும் கிளம்பினால்தான் வெயிலுக்கு முன் நடக்கலாம். வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கும்போதே எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே இறங்கி நடக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.

வருகிறவர்களில் பாதிப்பேர் காரைவிட்டு இறங்குவதே இல்லை. மான் எங்கே, குதிரை எங்கே, பூநாரை எங்கே என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றுமே இல்லையே என்று திரும்பிப் போகிறார்கள். நீ அப்படி வராதே. வெளிமானைக் காப்பாற்றத்தான் 1967-ல் இதைச் சரணாலயமாக்கினார்கள். புல்வெளிப் பக்கம் போனால் பெரும்பாலும் கண்ணில் படும். முறுக்கிய கொம்பும் கருத்த முதுகுமாக நிற்பது கிடா. பெட்டைக்குக் கொம்பு இல்லை, செம்பழுப்பாக இருக்கும். இதைப் பெரியவனிடம் சொல்லிவை. அவனே பிரித்துப் பார்க்கட்டும். மான் வராவிட்டாலும் பிள்ளைகள் எதிரில் முகம் சுளிக்காதே. நீ ஏமாந்ததாகக் காட்டினால் அவர்களும் ஏமாந்து போவார்கள்.

சின்னவள் பார்க்கப் போவது மானை அல்ல, தரையைத்தான். அவளைப் பார்க்க விடு. மரத்தடியில் மழை படாத காய்ந்த மணலில் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும், குழியானைப் பூச்சி தோண்டியவை. அடியில் மணலுக்குள் புதைந்து, தாடையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அது காத்திருக்கும். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்தால் மணல் சரியும். எறும்பு ஏறித் தப்பப் பார்த்தால் குழியானை கீழேயிருந்து மணலை வாரி அடித்து விழ வைக்கும். அரை மணி நேரம் ஆனாலும் குழந்தை அங்கேயே குந்தியிருக்கட்டும். தோண்டி எடுக்க மட்டும் விடாதே. பிறகு இதுவே சிறகு முளைத்துத் தும்பிபோலப் பறக்கும் என்று சொல்லு, நம்பமாட்டாள்.

காட்டையும் சற்று நின்று பாருங்கள். மழை என்று இங்கே பெரிதாகப் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழையை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற காடு இது. தடித்த இலையோடு நிற்பது பாலை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. எத்தனையோ மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் சீமைக்கருவேலம். மான் மேய்கிற புல்வெளியை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

வெயில் ஏறுமுன் சதுப்புப் பக்கம் போய்விடுங்கள். மாப்பிள்ளையிடம் பைனாகுலர் இருந்தால் மறக்காமல் கொண்டுவரச் சொல். பூநாரை இரை தின்பதைப் பிள்ளைகள் நிதானமாகப் பார்க்க வேண்டும். கழுத்தை வளைத்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகோரம் வடிகட்ட, நுண்ணிய இறாலும் பாசியும் உள்ளே தங்கும். அந்தத் தீனியின் நிறம்தான் இறகில் ஏறுகிறது. இளம் பறவைகள் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும்.

பூநாரையின் காலடியில் ஓடித்திரியும் கொசு உள்ளானையும் காட்டு. கைப்பிடிக்குள் அடங்கும் உருவம், எடை பெரும்பாலும் முப்பது கிராம்கூட வராது. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்து மேய்கிறது. மறுபடி போவதற்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டும். போட்டோவுக்காகக் கை தட்டி, கல் எறிந்து கூட்டத்தையே கிளப்பிவிடுகிற பெரியவர்களைப் பார்க்கிறேன், மனசு ஆறுவதில்லை. ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் சேர்த்த கொழுப்பு கரைகிறது. உன் பிள்ளைகளுக்கு இதைக் காரணத்தோடு சொல்லு. சும்மா ‘சத்தம் போடாதே’ என்று அதட்டினால் கேட்கமாட்டார்கள்.

சேற்றில் மட்டும் இறங்க விடாதே. மேலே காய்ந்து தெரியும். கால் வைத்தால் உள்ளே இழுக்கும். கல்கி தன் நாவலில் வந்தியத்தேவனைப் புதைசேற்றில் மாட்டவிட்டது இந்தக் கோடிக்கரையில்தான். அந்தக் கதையை முதல் நாள் ராத்திரியே பெரியவனுக்குச் சொல்லிவிடு, கரையைவிட்டு நகரமாட்டான்.

முழுக்கால் சட்டை போட்டுவிடு. காரை முள்ளும் சூரை முள்ளும் பொல்லாதவை. தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம், குரங்கு பிடுங்கும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்.

சின்னவள் போதும் என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதையும் பார்க்காமலா என்று தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். திரும்பும் வழியில் அகத்தியன்பள்ளியில் வண்டியை நிறுத்துங்கள். 1930-ல் உங்கள் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்து வந்து உப்பு எடுத்த இடம். நின்று பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வாருங்கள். சித்தி தோசைக்கு மாவு அரைத்து வைத்திருப்பாள். எந்தத் தேதி, எந்த பஸ் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தப்பா