ரைட் சகோதரர்கள் கவண் வைத்தா பறந்தார்கள்?

கேள்வி: 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு பழங்கால விமானம் எழும்பிப் பறப்பதாகக் காட்டினார்கள். அதைச் செய்த சாந்தோஸ் துமோன்தான் முதலில் பறந்தவர் என்பது பிரேசில்காரர்களின் கட்சி. ரைட் சகோதரர்களின் விமானம் கவண் வைத்து எறியப்பட்டது, அதற்குச் சாட்சியும் இல்லை என்கிறார்கள். நாம் பள்ளியில் படித்தது தவறா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் கவண். 1903 டிசம்பர் 17 அன்று, அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் கிட்டி ஹாக் அருகே, கவண் எதுவும் இல்லை. மணலில் 60 அடி நீளத்துக்கு மரத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். 12 குதிரைத்திறன் எஞ்சினின் பலத்தில் அதன்மேல் ஓடித்தான் விமானம் எழுந்தது. மணிக்கு 20 மைலுக்கும் அதிகமான எதிர்க்காற்று உதவியது என்பதும் உண்மை. மறுவருடம் சொந்த ஊரான டேட்டனுக்குப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் பறக்கப் பார்த்தபோது அந்தக் காற்று கிடைக்கவில்லை. அதனால் 1904 செப்டம்பரில் ஒரு கோபுரம் கட்டி, உச்சியிலிருந்து பெரிய எடையை விழவிட்டு, கயிற்றால் விமானத்தை முன்னே இழுக்கச் செய்தார்கள். 1908-ல் பிரான்ஸில் ஐரோப்பியர்கள் பார்த்தது இந்த ஏற்பாட்டைத்தான். பிறகு அது 1903-ன் கதையிலும் போய் ஒட்டிக்கொண்டது.

சாட்சிகள் ஐந்து பேர். அவர்களில் ஒருவரான ஜான் டேனியல்ஸ் கடலோர உயிர்காப்பு நிலைய ஊழியர். சகோதரர்களில் ஒருவரான ஆர்வில் முக்காலியில் நிறுத்திவைத்திருந்த கேமராவை இயக்கியவர் அவர். முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி. அன்றைய நான்காவது பறப்பில் மற்றவரான வில்பர் 59 விநாடியில் 852 அடி போனார்.

இனி சாந்தோஸ் துமோன். 1906 அக்டோபர் 23 அன்று பாரிஸின் பகதெல் மைதானத்தில் ஊர் கூடி நிற்க, சக்கரங்கள் வைத்த விமானத்தில், பலூன் கூடைக்குள் நின்றபடியே சுமார் 60 மீட்டர் பறந்தார். நவம்பர் 12 அன்று 220 மீட்டர். ஐரோப்பா தன் கண்முன் பார்த்த முதல் விமானப் பறப்பு இதுதான். அந்தப் பெருமையில் யாரும் பங்கு கேட்க முடியாது.

ஆனால் அவர் போனது நேர்கோட்டில். எழும்புவதற்கு எஞ்சின் பலம் இருந்தால் போதும். நினைத்த பக்கம் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்குவது வேறு வித்தை, என்னைக் கேட்டால் விமானம் பிறந்ததே அங்கேதான்.

ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். சைக்கிளில் வளைவில் திரும்ப உடலைச் சாய்க்க வேண்டும் என்பது அவர்களுக்குக் கைவந்த பாடம். பறக்கும் எந்திரமும் திரும்பச் சாய வேண்டும் என்று அவர்கள் நினைத்தது இயல்பு. 1899-ல் வில்பர் ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது வழி கிடைத்தது: இறக்கைகளையே முறுக்கினால் ஒரு பக்கம் தூக்குவிசை கூடும், மறுபக்கம் குறையும், விமானம் சாயும். செய்து பார்த்தால் புதுத் தொல்லை. தூக்குவிசை கூடிய இறக்கை காற்றை அதிகமாகத் தடுத்தது, அதனால் மூக்கு எதிர்ப்பக்கம் இழுபட்டது. 1902-ல் கிளைடரின் வாலில் அசையும் சுக்கான் ஒன்றைப் பொருத்தி, இறக்கை முறுக்கோடு சேர்ந்து அது திரும்பும்படி கம்பிகளால் இணைத்த பிறகுதான் விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. எஞ்சின் ஏறியது அதற்கடுத்த ஆண்டு. 1903-ஐவிட 1902-தான் பெரிய ஆண்டு என்று நான் வாதாடுவது இதனால்தான்.

1904 செப்டம்பரில் ஒரு முழு வட்டம் அடித்தார்கள். 1905 அக்டோபர் 5 அன்று வில்பர் மேய்ச்சல் நிலத்தின் மேல் சுற்றிச் சுற்றி 39 நிமிடத்தில் 24 மைல் பறந்தார். பாரிஸில் அந்த 60 மீட்டர் பறப்புக்கு இன்னும் ஓராண்டு இருந்தது.

அப்புறம் ஏன் உலகம் நம்பவில்லை? தவறு அவர்கள்மேலும் உண்டு. காப்புரிமையும் விற்பனை ஒப்பந்தமும் கைக்கு வரும்வரை எந்திரத்தைக் காட்டுவதில்லை என்று இரண்டரை ஆண்டு பறக்காமலே இருந்தார்கள். பாரிஸ் பத்திரிகைகள் புளுகர்கள் என்று நினைத்ததில் வியப்பில்லை. 1908 ஆகஸ்ட் 8 அன்று லெ மான் நகருக்கு அருகே குதிரைப் பந்தய மைதானத்தில் வில்பர் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பறந்தார். அதற்குள் இறக்கை சாய்த்து வளைந்து திரும்பிக் காட்டிவிட்டார். பார்த்தவர்களில் பிரெஞ்சு விமானி லூயி பிளேரியோவும் ஒருவர். பிரெஞ்சுக்காரர்களின் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

ஒரு சங்கதி, இணையத்தில் உங்கள் கண்ணில் படும் என்பதால் சொல்கிறேன். 1903 விமானம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரைட் குடும்பத்தார் 1948-ல் அதை ஒரு டாலருக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இதற்கு முந்திய வேறு விமானம் மனிதரைச் சுமந்து கட்டுப்பாட்டோடு பறக்கும் திறன் பெற்றிருந்தது என்று ஸ்மித்சோனியன் அறிவித்தால் விமானம் குடும்பத்துக்கே திரும்பும். அதனால் ஸ்மித்சோனியனின் வாக்கை நான் இங்கே ஆதாரமாகக் காட்டவில்லை. ஆனாலும் அந்த நிபந்தனையின் குறி சாந்தோஸ் துமோன் அல்ல. ஸ்மித்சோனியனின் தலைவராக இருந்த சாமுவேல் லாங்லி செய்த விமானம் 1903-ல் இருமுறை போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. 1914-ல் அதைத் திருத்திப் பறக்கவிட்டு, முதலில் பறக்கும் திறன் பெற்றிருந்தது எங்கள் விமானமே என்று அந்த நிறுவனம் எழுதிவைத்தது. ஆர்வில் கோபத்தில் தன் விமானத்தை 1928-ல் லண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1942-ல் ஸ்மித்சோனியன் தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. விமானம் ஊர் திரும்பியபோது ஆர்வில் உயிரோடு இல்லை.