கம்பெனி இல்லாத ரம்பத்துக்குக் கவசம்

கேள்வி: அப்பா காலத்து வட்ட ரம்ப மேஜையில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் கத்தியும் மேல்மூடியும் இல்லை. தயாரித்த கம்பெனியை மூடிவிட்டார்கள். உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

பதில்: அதே பாகத்தைத் தேடி அலையாதீர்கள், நல்ல ஃபேப்ரிகேஷன் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

முதலில் அந்தக் கத்தி. அறுபட்ட மரம் பின்னால் நெருங்கி பிளேடைக் கவ்வினால், பின்பக்கப் பற்கள் பலகையைத் தூக்கி உங்கள் மேலேயே எறியும். இதைத் தடுப்பது அதுதான். அதன் கனம் பிளேடின் தகட்டைவிடக் கூடுதலாகவும், வெட்டுத் தடத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். தகடு 2.2 மி.மீ., வெட்டு 3.2 என்றால் 2.5 மி.மீ. எஃகுத் தகடு சரி. பிளேடின் வளைவுக்கே வெட்டி, மேஜை மட்டத்தில் பற்களிலிருந்து 8 மி.மீ.க்குள் நிறுத்துங்கள். மேஜை ஏறி இறங்கும் இயந்திரமானால் ஃபிரேமிலேயே போல்ட் போடலாம். பிளேடு ஏறி இறங்குமானால், அதைத் தாங்கும் பாகத்தோடு கத்தியும் சேர்ந்து நகர வேண்டும். இதில் சமரசமே கூடாது.

மேல்மூடியைப் பக்கவாட்டுக் கையிலிருந்தோ கூரையிலிருந்தோ தொங்கவிடலாம். பாலிகார்பனேட் வாங்குங்கள், அக்ரிலிக் அடிபட்டால் சிதறும்.

ரம்பத்தில் பழைய நைஃப் சுவிட்ச் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். மின்தடைக்குப் பின் கரண்ட் வந்ததும் ரம்பம் தானே சுழலத் தொடங்குவது பயங்கரம். பம்புசெட்டுக்குப் போடும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் இதைத் தடுக்கும். பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்றதாகக் கேட்டு வாங்குங்கள்.

இவையெல்லாம் பொருத்தும்வரை ஃபியூஸைப் பிடுங்கியே வையுங்கள்.