மூன்று விரல் நுழைகிறதா?

மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு தாய், எழுத்தறிவு மையத்தில் படிக்கக் கற்றுக்கொண்டார்.

அவருடைய மகனுக்கு வயது 17. சைக்கிள் கடையில் வேலை. சில நாட்களாக அவன் மிளகாய்ச் சட்னியைத் தொடவில்லை. ரொட்டியைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்துத் தின்றான்.

“என்னப்பா, வாயில் புண்ணா?” என்று தாய் கேட்டார்.

“காரம் பட்டால் எரிகிறது, அம்மா” என்றான் மகன்.

துவைக்க எடுத்த சட்டைப் பையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன.

“வெறும் பாக்குதான், அம்மா. எல்லாரும் போடுகிறார்கள்.”

தாய் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்றில் ‘பான் மசாலா’ என்று இருந்தது. மற்றதில் ‘புகையிலை’ என்று இருந்தது.

மகன் தலை குனிந்தான். 12 வயதில் தொடங்கிய பழக்கம் அது.

மறுநாள் இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள்.

“தம்பி, மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வை” என்றார் மருத்துவர்.

இரண்டு விரல்கள்தான் நுழைந்தன. தாய் கண் கலங்கினார்.

மருத்துவர் விளக்கினார்:

“பாக்கு வாயின் உட்புறத்தை நார்போல் இறுக்கிவிடும். வாய் திறப்பது குறையும். சோறு, ரொட்டி தின்பதே கஷ்டமாகும். இது முழுவதும் பழையபடி ஆகாது. ஆனால் இன்றே நிறுத்தினால், மேலும் கெடாமல் தடுக்கலாம். நிறுத்தாவிட்டால் புற்றுநோய் வரக்கூடும். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். புகையிலையில் நிகோடின் இருக்கிறது. அதுதான் மறுபடியும் போடத் தூண்டுகிறது.”

முதல் சில நாட்கள் மகனுக்குத் தூக்கம் இல்லை. எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. தாய் ஏசவில்லை. பொரித்த கடலையைக் கையில் கொடுத்தார். “இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்” என்று தினமும் சொன்னார்.

இப்போது மகன் தன் வயதுப் பையன்களிடம் பேசுகிறான். “மூன்று விரலை வைத்துப் பாருங்கள். எனக்கு நுழையாது” என்கிறான். அவன் சொன்னால் பையன்கள் கேட்கிறார்கள்.

தெரிந்துகொள்வோம்

● மத்தியப் பிரதேசத்தில் 2012-இல் குட்கா தடை செய்யப்பட்டது. அதன் பிறகு பான் மசாலாவும் புகையிலையும் தனித்தனியாக விற்கப்பட்டன. இரண்டையும் கையில் கலந்தால் அதுவும் குட்காதான்.

● 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பது குற்றம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதும் குற்றம்.

● புகையிலையை விட உதவி கேட்க, கட்டணமில்லாத் தொலைபேசி: 1800-11-2356.

சிந்திப்போம்

1. மகன் ஏன் சட்னியைத் தொடவில்லை?

2. தாய் ஏசியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

3. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு அருகில் புகையிலை விற்கிறார்களா? சேர்ந்து என்ன செய்யலாம்?